இருளைப் பாடிய மலைமக்கள்

துக்க வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்பது நம் தோட்டத்து மக்கள் நன்கறிந்த வழக்கம். சீன நாட்டிலும் அது உண்டு. அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஹூபே மாநிலத்தின் மேற்கே, காடடர்ந்த மலைநாடு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஷென்னோங்ஜியா. மூலிகைகளைத் தாமே தின்று பார்த்து, அவற்றின் குணத்தை மக்களுக்கு உரைத்தவர் ஷென்னோங் என்னும் ஆதி அரசர். அவர் ஏணி கட்டி ஏறிய மலை அது என்பது கதை.

அங்கே முதியவர் ஒருவர் இறந்துவிட்டால் பாட்டுக்காரர்களை அழைப்பார்கள். மேளமும் சேகண்டியும் முழங்க, சவப்பெட்டியருகே விடிய விடியப் பாட்டு நடக்கும். ஒருவர் கேள்வி தொடுப்பார். மற்றவர் பாட்டாலேயே விடை கூற வேண்டும். வானும் மண்ணும் தோன்றுமுன் என்ன இருந்தது? இருள் இருந்தது! அதனால் அப்பாட்டுக்கு 'ஹெய்ஆன் ஜுவான்' என்று பெயர். 'இருளின் வரலாறு' என்பது அதன் பொருள்.

வானையும் மண்ணையும் பிரித்த பாங்கு, மனித குலத்தின் தாயான நூவா, உலகை மூழ்கடித்த பெருவெள்ளம், சுரைக்காய்க்குள் புகுந்து பிழைத்த அண்ணன் தங்கை என்று கதை நீள்கிறது.

இதில் வியப்பு என்ன? பாங்குவின் கதை கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டதுதான். ஆனால் பழைய நூல்களில் இக்கதைகள் துண்டு துண்டாகவே கிடந்தன. திபெத்தியருக்குக் கேசர் காப்பியம் உண்டு. கிர்கிசியருக்கு மனாஸ் உண்டு. பெரும்பான்மையினரான ஹான் சீனருக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றே அறிஞர் பலர் கூறிவந்தனர்.

1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியில், பழைய பாட்டுகள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டன. கையெழுத்து ஏடுகள் பல தீக்கிரையாயின. சிலர் ஏடுகளை ஒளித்து வைத்தனர். சிலர் நெஞ்சிலே வைத்துக் காத்தனர். 1980களில் ஹூ சோங்ஜுன் என்பவர் மலையூர்களில் அலைந்து அவற்றைத் திரட்டினார். அவர் தொகுத்த நூல் 2002இல் வெளிவந்தது. 2011இல் சீன அரசு இப்பாட்டை நாட்டின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

பல ஏடுகளையும் பலர் பாடியதையும் இணைத்து ஒன்றாக்கிய நூல் அது. ஆகவே அதைக் காப்பியம் எனலாமா என்று அறிஞர்கள் வாதிடுகின்றனர். வாதம் நியாயமானதே. எனினும், அரண்மனைப் புலவர் எழுதாததை உழவரும் மலைவாசிகளும் காத்து வந்தனர் என்பதில் ஐயமில்லை.

பாட்டுக்காரர் மறைந்தால் பாட்டும் அவரோடு போய்விடும். நம் பாட்டிமார் பாடும் ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் இதே கதிதான். தோட்டத்தை விட்டுப் பட்டணம் சென்ற குடும்பங்களில் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆகவே பாட்டியைப் பாடச் சொல்லிக் கேட்போம். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த நாள் என்று குறித்துக்கொள்வோம். ஒரு சொல்லையும் திருத்தாமல், பாடியபடியே எழுதி வைப்போம்.