எங்கள் மலையின் பனி

(பொன்விழாக் கூட்டத்தில் பங்கின் மூத்தோர் மூவர் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் இளைஞர்கள் குடிலின்மேல் பஞ்சைப் பரப்பிப் பனி செய்திருந்தார்கள். அதைக் கண்ட ஒரு சிறுமி எங்களிடம், “தாத்தா, முன்னெல்லாம் நம்ம மலையில இப்படிப் பனி கொட்டுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று எழுந்தோம்.

கொட்டியதில்லை. கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரந்தான். சமவெளியைவிட ஆறேழு டிகிரி குளிர் கூடும். தண்ணீர் உறையுமளவுக்கு இறங்காது. நீலகிரியில் தை மாதத்தில் புல்மேல் உறைபனி படியும். வானத்திலிருந்து வெண்பனி கொட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் இமயமலைக்குத்தான் போகவேண்டும். நமக்கு வாய்த்தது மூடுபனி.

ஆனால் அதை லேசாக எண்ண வேண்டாம். நாங்கள் சிறுவராயிருந்த 1960-களில் இது பங்கு அல்ல. குருவானவர் எப்போதாவது வந்துபோகும் கிளை ஊர். மார்கழி விடியலில் எதிரே வருகிறவர் இருமினால்தான் ஆள் வருவது தெரியும். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். ஆகவே வயலோரத்து வீடுகளுக்கே குளிர் அதிகம். மண்சுவர், புல்கூரை. கணப்பைச் சுற்றி உட்கார்ந்தால் முன்பக்கம் சுடும், முதுகு விறைக்கும். ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் படுப்போம். நடு இடத்துக்குத்தான் சண்டை!

எங்களுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் தூத்துக்குடிப் பக்கத்தவர். அவர் பனிமய மாதாவைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் பாப்பரசர் காலத்தில், உரோமையின் எஸ்குலின் குன்றில் ஆகஸ்டு 5-ஆம் நாள், கடுங்கோடையில் பனி பெய்ததென்பது மரபு. அந்த இடத்தில் எழுந்ததே மரியன்னைப் பேராலயம். அதே நாளில்தான் தூத்துக்குடியிலும் திருவிழா. (அந்தக் கோயில் 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.) “அப்படியானால் உங்க ஊரில் எங்க ஊரைவிடக் குளிருமா?” என்று கேட்டோம். “அங்கே நின்றால் உப்புக் காயும்” என்று சிரித்தார். பாவம், அந்த மனிதர் இங்கே இரண்டு சட்டை போட்டும் நடுங்குவார்.

ஒரு மார்கழி மாலையில் அவர் எங்கள் மூவரிடமும் ஒரு கம்பளியைக் கொடுத்து, பள்ளத்து வயலோரம் தனியாயிருந்த பாட்டியிடம் சேர்க்கச் சொன்னார். பாதி வழியில் பனி மூடிற்று. காவல் குடிசை ஒன்றில் ஒதுங்கினோம். “சற்று நேரம்” என்று கம்பளியைப் போர்த்தினோம். விடிந்தபோதுதான் கண் விழித்தோம். பாட்டி வீட்டில் விளக்கு எரிவது அங்கிருந்தே தெரிந்திருக்கிறது. போக மனம் வரவில்லை. இதை இத்தனை ஆண்டுகளில் நாங்கள் மேடையில் சொன்னதில்லை.

போய்ப் பார்த்தால், பாட்டி சாம்பல் அருகே குந்தியிருந்தார். விறகு தீர்ந்து, முறத்தையும் உடைத்து எரித்திருந்தார். “இப்பத்தான் கொடுத்தனுப்பினார் பாட்டி” என்று பொய் சொன்னோம். கம்பளியில் எங்கள் உடம்புச் சூடு ஆறவில்லை. அவர் அதைத் தடவிப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். “கஞ்சி குடிச்சீங்களாடா?” என்று மட்டுந்தான் கேட்டார். தை முழுதும் அவர் இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இருமலும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலிருந்தது.

தவக்காலத்தில் குருவானவர் வந்ததும் மூவரும் பாவசங்கீர்த்தனம் செய்தோம். பாஸ்கா வரை அந்த வீட்டுக்கு விறகு சுமக்க வேண்டும் என்றார். சுமந்தோம். அடுத்த மார்கழியிலும் சுமந்தோம்; அதை யாரும் விதிக்கவில்லை. பாட்டியின் அடுப்படியில்தான் நாங்கள் சாமைச் சோற்றுக்கு உட்கார்ந்து, பனி விலகும்வரை கதை கேட்டது. அவரிடம் உண்மையைச் சொல்ல ஒருநாளும் வாய் வரவில்லை.

முறத்துக்குக் காசு சேர இரண்டு வருடமாயிற்று. சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிப்போய்க் கொடுத்தோம். “எதுக்குடா இது?” என்றார். பிறகு அதிலேயே சாமையைப் போட்டுப் புடைக்கத் தொடங்கினார்.