கப்பல் படமும் நம்ம கைவேலையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



"மாதிரியைப் பார்த்துச் செய்யற வேலைக்கு என்னம்மா பெரிய மதிப்பு?" என்று தையல் குழு அக்கா ஒருத்தர் கேட்டாங்க. நல்ல கேள்வி. அதுக்குப் பதிலா இன்னைக்குக் கப்பல் ஓவியங்களைப் பற்றிச் சொல்றேன். கடைசியில் நம்ம விஷயத்துக்கு வருவோம்.

1816-ல் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் பக்கத்தில் தரைதட்டியது. எல்லாருக்கும் படகு போதவில்லை. மரங்களைக் கட்டித் தெப்பம் செய்து, சுமார் 150 பேரை அதில் ஏற்றினார்கள். படகில் இருந்தவர்கள் தெப்பத்தை இழுத்த கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 13 நாள் கழித்து உதவி வந்தபோது உயிரோடு இருந்தது 15 பேர்தான். இந்தக் கொடுமையை ஜெரிக்கோ என்ற ஓவியர் 1819-ல் வரைந்தார். உயரம் சுமார் 16 அடி, அகலம் 23 அடிக்கு மேல். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அவர் கறுப்பு நிறத்துக்காகத் தார் போன்ற ஒரு பொருளைக் கலந்திருந்தார். அதனால் நாளாக ஆக படம் கறுக்க ஆரம்பித்தது. இப்படியே போனால் என்ன ஆகும் என்று 1859-60-ல் இரண்டு ஓவியர்கள் அதே அளவில், கையாலேயே பார்த்து வரைந்தார்கள். அந்தப் படம் அமியான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்து வரைந்ததுதான். ஆனால் மதிப்பில்லாத வேலை என்று யாராவது சொல்ல முடியுமா?

சரி, இது திருட்டு இல்லையா என்று கேட்பீங்க. நம் நாட்டுச் சட்டப்படி, ஓவியர் இறந்து 60 ஆண்டு தாண்டினால் அவர் படத்தை யாரும் பார்த்து வரையலாம். ஆனால் நகலை அசல் என்று சொல்லி விற்றால் அது மோசடி. லூவரில் அனுமதி வாங்கி உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு: படம் அசலின் அளவில் இருக்கக்கூடாது, அசல் ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது. நகல் நகலாகவே தெரியணும். அவ்வளவுதான்.

இதையே தொழிலாகச் செய்யற ஊர் ஒன்று சீனாவில் இருக்கு. பெயர் டாஃபென், ஷென்ஜென் நகரத்தைச் சேர்ந்தது. 1989-ல் ஹாங்காங்கிலிருந்து ஹுவாங் ஜியாங் என்பவர் சுமார் 20 ஓவியர்களோடு அங்கே வந்து வாடகைக்கு இடம் பிடித்தார். பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்கும் இடமாக ஆகிவிட்டது. புயல், பாய்மரக் கப்பல், பூ, மனித முகம் என்று ஆர்டர் எதுவோ அதை வரைவார்கள்.

வேலை எப்படின்னா, நாம கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி முதலில் துணியில் கட்டம் போடுவாங்க. மாதிரிப் படத்திலும் அதே கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து உருவத்தை எழுதுவாங்க. பெரிய ஆர்டர் என்றால் ஒருத்தர் வானம், இன்னொருத்தர் அலை, மற்றவர் கப்பல் என்று பிரித்துக்கொள்வார்கள். எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். அது காய்ந்த பிறகே பாய்மரக் கயிறு மாதிரி மெல்லிய கோடுகளை நுனித் தூரிகையால் இழுப்பாங்க. கை நடுங்கினால் பட்ட பாடு வீண்.

இவ்வளவு திறமை இருந்தும் இரண்டு அடி விழுந்தது. 2008-ல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்ததும் அமெரிக்கா, ஐரோப்பா ஆர்டர்கள் குறைந்து பல பேர் திண்டாடினார்கள். உள்நாட்டிலேயே வாங்குகிறவர்களைத் தேடிய பிறகுதான் ஓரளவு மீண்டார்கள்.

இரண்டாவது, ஜாவ் சியாவ்யோங் என்ற ஓவியரின் கதை. 2016-ல் இவரைப் பற்றி ஆவணப்படமே வந்தது. வான் கோ என்ற டச்சு ஓவியரின் படங்களைக் குடும்பத்தோடு பல வருஷம் வரைந்து அனுப்பினார். தன் படங்கள் கலைக்கூடத்தில் இருக்கும் என்று நினைத்து ஆம்ஸ்டர்டாம் போனார். போய்ப் பார்த்தால் நினைவுப்பொருள் கடையில் தொங்குது! விலையோ, அவருக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு.

இப்போ நம்ம விஷயம். ஒரு வியாபாரி நம்ம தையல் குழுக்களுக்குப் பை தைக்கும் ஆர்டர் தர்றதா சொல்லியிருக்கார். துணியும் மாதிரியும் அவருடையது. நிபந்தனை ஒன்று: வேற யாருக்கும் தைக்கக்கூடாது. மாதிரியைப் பார்த்துத் தைக்கிறதில் கேவலம் எதுவும் இல்லை. வேலை நமக்குத் தேவை, பிள்ளைங்க பீஸ் கட்டணும். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்க:

1. நாம தைக்கிற பை கடையில் என்ன விலைக்குப் போகுது?
2. கூலியும் பணம் தரும் தேதியும் எழுத்தில் இருக்கா?
3. அவர் ஆர்டரை நிறுத்தினால் அடுத்த மாதம் யாருக்குத் தைப்போம்?

வேலையை ஏற்கலாம், அந்த நிபந்தனையை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. அப்படிச் சொன்னால் அவர் வேற ஊருக்குப் போயிடவும் கூடும். அதையும் யோசிச்சுத்தான் முடிவு எடுக்கணும். முடிவு உங்களுடையது. அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லா உறுப்பினர்களும் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக்கு அனுப்புங்க.