ஒழுங்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள்



சர்வாதிகாரி என்றாலே நமக்கு ஹிட்லரின் மீசை நினைவுக்கு வந்துவிடுகிறது. அவரைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. நான் இன்றைக்கு மணிலாவைப் பற்றிப் பேசுகிறேன். பிலிப்பைன்ஸ் 1946-ல், நமக்கு ஓராண்டு முன்னால் விடுதலை பெற்ற நாடு. தேர்தல், நாடாளுமன்றம், யாரையும் விட்டுவைக்காத பத்திரிகைகள் என்று எல்லாம் இருந்த நாடு. நம் தஞ்சாவூர் வயல்களுக்கு வந்த ஐ.ஆர்.8 நெல் அங்கே லாஸ் பானோஸில்தான் பிறந்தது. அந்த ‘அதிசய நெல்’லைக் காட்டி 1969 தேர்தலில் ஓட்டுக் கேட்டவர்தான் ஃபெர்டினாண்ட் மார்கோஸ்.

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. அப்பாவைத் தேர்தலில் தோற்கடித்த நலுண்டாசன் என்பவர் 1935-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் மாட்டியபோது மார்கோஸ் சட்ட மாணவர். வழக்கு நடக்கும்போதே வழக்கறிஞர் தேர்வு எழுதி முதலிடம் வாங்கினார். மேல்முறையீட்டில் தனக்காகத் தானே வாதாடி 1940-ல் விடுதலையும் ஆனார். சட்டத்துக்குள் எங்கே சந்து இருக்கிறது என்று இருபத்துச் சொச்சம் வயதிலேயே கண்டுகொண்ட மனிதர். போரில் கெரில்லாப் படை நடத்தியதாகவும் பதக்கங்களை வாரிக் குவித்ததாகவும் சொல்லி ஓட்டு வாங்கினார். அந்தப் படையின் கதையை அமெரிக்க ராணுவம் அப்போதே ஏற்கவில்லை என்பது உலகத்துக்குத் தெரிந்தது 1986-ல். நாற்பது வருஷம் கழித்து!

1965-ல் வென்றார். 1969-ல் மறுபடியும் வென்றார். பணம் தண்ணீராக ஓடிய தேர்தல் அது. சில மாதங்களில் பேசோவின் மதிப்பு சரிந்தது, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசியல் சட்டப்படி ஒருவர் தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் அதிபராக இருக்க முடியாது. அதாவது 1973 டிசம்பர் 30-ல் மூட்டை கட்ட வேண்டும்.

தேர்தலில் வழி இருக்கிறதா? இல்லை. 1971 ஆகஸ்ட் 21-ல் பிளாசா மிராண்டா சதுக்கத்தில் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் குண்டு வீசப்பட்டது. வீசியது யார் என்று இன்றுவரை சண்டை. மார்கோஸ் உடனே ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். மக்கள் பயந்துவிடவில்லை. நவம்பரில் நடந்த தேர்தலில் எட்டு செனட் இடங்களில் ஆறை எதிர்க்கட்சிக்குக் கொடுத்தார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ராணுவச் சட்டம் வருவதற்குப் பத்து மாதத்துக்கு முன்புவரை அந்த ஊர் வாக்காளர் விழிப்பாகத்தான் இருந்தார்.

1972 செப்டம்பர் 22 இரவு, பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயின் காரைச் சுட்டார்கள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது ஜோடிக்கப்பட்ட தாக்குதல் என்று 1986-ல் மார்கோஸை விட்டுப் பிரிந்தபோது என்ரிலேயே சொன்னார். பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் மறுத்தார். அமைச்சர்களின் ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும். அன்றிரவே செனட்டர்கள் அக்கினோவும் டியோக்னோவும் கைதானார்கள். மறுநாள் சனிக்கிழமை, பத்திரிகை இல்லை, ரேடியோ இல்லை, டிவி பெட்டி வெறுமனே இரைந்தது. ராணுவச் சட்டம் பிறப்பித்திருப்பதாக மாலையில் மார்கோஸ் திரையில் தோன்றிச் சொன்னார். அதுவும் அரசியல் சட்டம் கொடுத்த அதிகாரத்தின்படி என்று.

மக்கள் கொதித்து எழுந்தார்களா? அங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். பலர் பெருமூச்சு விட்டார்கள், நிம்மதிப் பெருமூச்சு! ஊர்ப் பெரும்புள்ளிகளின் கூலிப்படைகள் கலைந்தன. லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் பறிமுதலாயின. நள்ளிரவுக்கு மேல் தெருவில் ஈ காக்கை இல்லை. தலைமுடி வளர்த்த பையன்களைப் பிடித்து மொட்டையாக வெட்டிவிட்டார்கள், பெற்றோர் சிரித்தார்கள். போதைப்பொருள் தயாரித்த ஒருவரை 1973 ஜனவரியில் ஊரறியச் சுட்டுக் கொன்று, டிவியிலும் காட்டினார்கள். மணிலாவிலிருந்த அமெரிக்க வர்த்தகச் சபை வாழ்த்துத் தந்தியே அனுப்பியது. ராணுவம் செய்தது கால்வாசி வேலை. இந்த நிம்மதி செய்தது முக்கால்வாசி.

அதே ஜனவரியில் மார்கோஸ் புதிய அரசியல் சட்டத்துக்கு ஒப்புதல் கேட்டார். ரகசிய வாக்கெடுப்பு வேண்டாம், ஊர்க்கூட்டத்தில் கை தூக்கினால் போதும் என்றார். 15 வயதுப் பிள்ளைகளும் தூக்கலாம். ஆதரவு 1,49,76,561 பேர் என்று கடைசி ஆள் வரைக்கும் கணக்குச் சொன்னார்! இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பத்து நீதிபதிகளில் ஆறு பேர், முறைப்படி ஒப்புதல் பெறவில்லை என்றார்கள். ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்யவும் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஜனவரி 22-ல் கூடியிருக்க வேண்டிய நாடாளுமன்றத்துக்குப் பூட்டு. 1973-ல் வீட்டுக்குப் போக வேண்டியவர் 1986 பிப்ரவரி வரை அரண்மனையில் இருந்தார்.

அந்த நிம்மதிக்கு வந்த பில்லைக் கேளுங்கள். சிறைக்குப் போனவர்கள் ஏறத்தாழ 70,000 பேர், கொல்லப்பட்டவர்கள் மூவாயிரத்துக்கு மேல் என்பது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் கணக்கு. வெளிநாட்டுக் கடன் 2,600 கோடி டாலர். அக்கினோ 1983-ல் நாடு திரும்பிய அன்றே மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைசியில் லட்சக்கணக்கான மக்கள் எட்சா சாலையில் டாங்கிகளை மறித்து நின்றபிறகுதான் மார்கோஸ் ஹவாய்க்குப் பறந்தார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன். 2022 மே மாதம் அதே நாடு, நேர்மையான தேர்தலில், மூன்று கோடிக்கும் மேற்பட்ட வாக்குகள் அளித்து மார்கோஸின் மகனை அதிபராக்கியது. அப்பா காலம் பொற்காலம், அப்போது ஒழுங்கு இருந்தது என்று கைப்பேசியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் அதில் ஓட்டுப் போட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கை அனுபவித்த தாத்தா பாட்டிகள் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். சிறையில் இருந்தவர்களில் பலர் பேசுவதற்கு உயிரோடு இல்லை.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1975 நெருக்கடி நிலையில் ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடியது என்று சொல்கிற பெரியவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவர் சொல்வது பொய் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு, அந்த நாட்களில் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டவர்களின் வீட்டுக்கும் போங்கள். அவர்களுக்கும் எண்பது வயது ஆகிறது. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து இந்த நூலகத்தில் கொண்டுவந்து வையுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.