பூட்டியிருந்த அறைகள்

லீவுக்கு எங்கே போனேன்னு கேட்டிருந்தீங்க. கானாடுகாத்தான். காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். மூணு நாள், ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்கினோம்.

ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கதவு. நடுவில் இருக்கிறது முழுசும் ஒரே வீடு. பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள் எல்லாம் இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீங்க, அதை விடுங்க. எனக்குப் பிடிச்சது தரை. ஆத்தங்குடி டைல்ஸைச் சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, சிமென்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மதியம் ரெண்டு மணிக்கு வெறுங்காலோட நடந்து பாருங்க, ஏசி ஞாபகமே வராது.

நடுவில் வானம் பார்த்த வளவு. அதைச் சுத்தி வரிசையா சின்ன அறைகள். பாதிக்கு மேல் பூட்டு. இவ்வளவு இடத்தை ஏன் சும்மா பூட்டி வெச்சிருக்காங்கன்னு எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். வீட்டைப் பார்த்துக்கிற பெரியவரிடம் கேட்டேன்.

"ஒவ்வொண்ணும் ஒரு புள்ளிக்குச் சொந்தம் தம்பி" என்றார்.

நகரத்தார் கணக்கில் புள்ளின்னா கல்யாணமான ஒரு ஜோடி. மகனுக்குக் கல்யாணம் ஆனால் வளவில் அவனுக்கென்று ஓர் அறை. சீர் சாமான், பாத்திரம் எல்லாம் அதுக்குள்ளே. மூணு தலைமுறை தாண்டினா எத்தனை பங்காளிகள்! "ஓடு மாத்தணும்னாக்கூட சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போன் போடணும்" என்று சிரித்தார்.

பணம் வந்தது பெரும்பாலும் பர்மா, மலேயா, இலங்கை வட்டிக்கடைகளிலிருந்து. 1930-களின் மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மா நெல் நிலத்தில் சுமார் கால் பங்கு. தேக்குத் தூணைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது அதையும் நினைச்சுக்கணும். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், விட்டுட்டு ஓடி வந்தாங்க. வீடு நின்னுச்சு, வருமானம் நின்னுபோச்சு.

கடைசி நாள் காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குப் போனோம். எங்க ஃப்ளாட்டுக்கு ஒரு கதவு வாங்கலாம்னு ஆசை. ஒரு கடையில் சுவரோரமா எட்டுக் கதவு சாஞ்சிருந்தது. ஒரே உயரம், ஒரே செதுக்கல், ஒரே மாதிரி நாதாங்கி. அதே மாதிரி கதவுக்குள்ளேதான் முந்தின ராத்திரி படுத்திருந்தேன். ஒரு வளவு முழுசும் அங்கே சுவரில் சாஞ்சு நிக்குது. விலை கேட்க வாய் வரலை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கு. பட்டியல் ஓடு மாத்தாது. நாங்க கொடுத்த வாடகை அந்த வருஷ மழைக்கு முன்னால் கூரைக்குப் போகும்னு பெரியவர் சொன்னார். "டூரிஸ்ட்டுக்காக வேஷம் போட்ட ஊர்"னு போறதுக்கு முன்னாடி நக்கல் அடிச்சவன் நான்.

மறுபடி தையில் வரலாமான்னு கேட்டேன். முடியாதாம். பங்காளி வீட்டுக் கல்யாணம், அத்தனை பூட்டும் திறப்பாங்களாம். மாசிக்குச் சொல்லி வெச்சிருக்கோம்.