பாட்டின் முதற்படி
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கிற்குக் கவிதை வேண்டுமென்றால் இவ்வவையில் பலரும் எழுந்து வருவர். பாட்டு ஒன்று எழுதித் தருக என்றாலோ அவை அமைதியாகிவிடும். இராகம் தெரியாதே என்பார் ஒருவர். பாட்டெழுதச் சென்னைக்கன்றோ போக வேண்டும் என்பார் மற்றொருவர். பாட்டு கவிதையினும் ஒரு படி தாழ்ந்தது என்று எண்ணி வாளாவிருப்போரும் உண்டு. இம்மூன்று தயக்கங்களையும் நீக்கி, எழுதத் தொடங்கும் வழியைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

மூன்றாவது தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இயலையும் இசையையும் பிரித்தது பிற்காலம். தொல்காப்பியச் செய்யுளியல் ஓசை வேறுபாட்டால் அமையும் வண்ணங்கள் இருபது என வகுத்துரைக்கின்றது. கானல் வரியும் ஆய்ச்சியர் குரவையும் இல்லாத சிலப்பதிகாரத்தை எண்ணிப் பார்க்க இயலாது. ஔவையைப் போற்றிய அதியமானின் தகடூர் மண்ணுக்கு அண்டையில் இருந்துகொண்டு பாட்டைத் தாழ்வென்பது பொருந்துமா?

இராகம் தெரியாதே என்போர்க்கு அருணாசலக் கவிராயர் விடையாக நிற்கின்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு இசையமைத்தவர்கள் அவருடைய மாணவர் இருவர். சொல் ஒருவரிடமும் இசை இன்னொருவரிடமும் பிறக்கலாம். பாட்டெழுதுவோனுக்கு இராக அறிவு இருப்பின் நன்று, இன்றியமையாதது செவி.

சென்னைக்குப் போக வேண்டும் என்போர் சேலத்தை மறந்துவிட்டனர். 1965இல் தருமபுரி மாவட்டம் தோன்றும் வரை ஊத்தங்கரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அச்சேலத்தில் 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், பாட்டெழுதுவோர்க்கு ஒரு பட்டறையாக விளங்கிற்று. மேலக்குடிகாட்டில் பிறந்த அ. மருதகாசி அந்நிறுவனத்தின் ‘மாயாவதி’ வாயிலாகவே 1949இல் திரைக்கு வந்தார். ஆயினும் அவர் பாட்டெழுதக் கற்றது அங்கன்று. அதற்கு முன்பே நாடகங்களுக்கு எழுதிப் பழகியவர் அவர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் அவ்வாறே. உழவர் இயக்கமும் நாடக மேடையும் வளர்த்த அவர், 1959இல் 29ஆம் வயதில் மறைவதற்குள் அழியாப் புகழ் எய்தினார். இவ்விருவர் வாழ்வும் உணர்த்துவது ஒன்றே. வாய்ப்பு பின்னர் வந்தது. கேட்போர் முன்னரே இருந்தனர். எதிரில் அமர்ந்து கேட்கும் மக்களே பாட்டெழுதுவோனின் முதல் ஆசிரியர்.

இனி, தொடங்கும் முறை.

முதல் நாளில் தாளையும் எழுதுகோலையும் எடுக்க வேண்டா. அறிந்த மெட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்க. அன்னையின் தாலாட்டாகலாம், நடவுப்பாட்டாகலாம், கோயில் கும்மியாகலாம். அதிலுள்ள சொற்களை நீக்கிவிட்டுத் ‘தன்னன, தானன’ என்று மட்டும் பாடுக. திருப்புகழ் ஓதுவோர் சந்தக் குழிப்பு என்று வழங்குவது இதுவே. சொல் இல்லாத அந்த வெற்றுக் கூடு மனத்தில் படிந்த பிறகே சொல் தேட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ‘தானன தானன தானன தானா’ என்பது கூடு. தென்பெண்ணையைப் பாடத் தொடங்கும் ஒருவர் இவ்வாறு நிரப்பலாம்:

பாறையில் ஓடிடும் பாலொளி நீரே
மாறிய ஊரொடு பேசிட வாராய்

எதுகை உண்டு, முதலடியில் மோனையும் உண்டு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சொல் தொடங்குகின்றது. இதையே ‘பாறையின் மீது விரைந்திடும் நீரே’ என்று எழுதினால் எழுத்தளவு பிழைபடாது. ஆனால் தாளமிட்டுப் பாடும்போது ‘மீதுவி’ என்று ஒரு தட்டும் ‘ரைந்திடும்’ என்று மறு தட்டும் விழும். யாப்பில் வகையுளி என்று ஏற்கப்படுவது, முதன்முறை கேட்கும் செவிக்குப் பொருளை மறைத்துவிடும். படிப்பவன் திரும்பிப் படிக்கலாம். கேட்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

மெட்டு எங்கே நீளுகின்றதோ அங்கே நெடில் வர வேண்டும். ‘நீரே’ என்பதில் ஏகாரத்தை மூச்சுள்ளவரை இழுக்கலாம். ‘பட்டு’, ‘கட்டு’ என்னும் சொற்களில் வல்லொற்று மூச்சை அடைத்துவிடும். அத்தகைய சொற்கள் விரைந்து செல்லும் இடத்திற்கே ஏற்றவை. எழுதியதைக் கைப்பேசியில் பதிந்து மறுநாள் கேட்டால், எந்த இடம் தடுக்குகின்றது என்பதை எவரும் சொல்லாமலே அறியலாம்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டா. பல்லவி ஒரு கருத்தைச் சொல்லி நிற்கும். சரணங்கள் அதற்குச் சான்று கொண்டுவந்து மீண்டும் அதனிடமே சேர்க்கும். ஆகவே பல முறை திரும்பி வந்தாலும் சலிக்காத பல்லவி அமைந்துவிட்டால் பாதிப் பாட்டு முடிந்ததாகக் கொள்ளலாம்.

இவை யாவும் பயிற்சியால் வருவன. பயிற்சியால் மட்டும் வாராதது ஒன்றுண்டு. மேலே கண்ட அடியில் ‘பாலொளி நீரே’ என்பது இனிமையாக ஒலிக்கின்றது. அஃது உண்மையா? நந்திமலைப் பகுதியில் பிறந்து ஓசூர் வழியே வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்க நின்ற காட்சி அண்மை ஆண்டுகளில் பன்முறை செய்தியாகியுள்ளது. கழிவுநீர் கலந்த நுரை அது. அந்த ஆறுதான் கிருஷ்ணகிரி அணையைக் கடந்து அனுமன்தீர்த்தத்திற்கும் வருகின்றது. அந்நீரைப் பாலொளி என்று பாடினால், ஆற்றங்கரை உழவர் நகைப்பர். கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டுகளிலிருந்து கடன் வாங்கிய சொல் அது. கண்ணால் கண்டு எழுதிய சொல் அன்று.

பாறையில் ஓடிடும் நோயுறு நீரே

சந்தம் ஒரு மாத்திரையும் குறையவில்லை. ‘பா’ என்னும் மோனை போயிற்று, உண்மை வந்தது. ‘மாறிய ஊரொடு பேசிட வாராய்’ என்னும் இரண்டாம் அடிக்கும் இப்போதுதான் பொருள் பிறந்தது. தொடக்க நிலையிலிருப்போர் அஞ்ச வேண்டியது இலக்கணப் பிழைக்கு அன்று; பிழையே இல்லாத பொய்க்குத்தான்.

தொழிற்பேட்டைக்குப் புலரியில் பேருந்தேறும் இளைஞருக்கும், கர்நாடகத்திற்கு வேலை தேடிச் சென்றோருக்கும், அவரை எதிர்நோக்கும் தாயருக்கும் பாட்டு வேண்டும். ஏற்றம் மறைந்தது, ஏற்றப்பாட்டும் உடன் மறைந்தது. புதிய உழைப்புக்குரிய பாட்டை வேறெங்கிருந்தோ எதிர்பார்த்திருத்தல் தகாது. அது தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப்புறத்தின் செவியிலிருந்தே பிறக்க வேண்டும்.

இன்றிரவு வீடு திரும்பும் வழியில், அவையோர் ஒவ்வொருவரும் ஒரு மெட்டைச் சொல்லின்றி முணுமுணுத்துப் பார்க்க வேண்டும். நாளை அதில் ஓரடி அமையட்டும். அதை ஒருவரிடம் பாடிக் காட்டுக. அவர் மறுநாள் தம்மையறியாமல் அதை முணுமுணுத்தால், பாட்டு பிறந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா.