வேண்டுமென்றே செய்வதில்லை



மனித மூளையின் இரு பாதிகளையும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் ஒன்றோடொன்று பிணைத்து நிற்கின்றன. வைத்திய நூலார் 'கார்ப்பஸ் கலோசம்' என்று பெயரிட்டிருக்கும் அந்தப் பாலம், சிசு கருவிலிருக்கும் 12ஆம் வாரத்துக்கும் 20ஆம் வாரத்துக்கும் இடையே உருப்பெறத் தவறிவிட்டால், பிறகு எந்த ஔஷதத்தாலும் எந்தச் சத்திரசிகிச்சையாலும் அதை உண்டாக்க இயலாது. அவ்விதம் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு வலிப்பும் பேச்சின்மையும் சேர்ந்து வருகின்றன. அவர்களைக் கண்டு உலகம் இரங்குகிறது. பேச்சும் சாதாரண புத்தியும் வாய்த்திருக்கிற காரணத்தாலேயே எவருடைய இரக்கத்துக்கும் பாத்திரமாகாமல், அன்றாடம் வசவு வாங்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவே நான் இன்று வழக்காட வந்திருக்கிறேன்.

இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் வெவ்வேறு வேலை செய்தாக வேண்டிய எந்தக் காரியமும் இவர்களுக்குப் பெரும் பிரயாசை. பள்ளி வண்டி வாசலில் நின்று ஹாரன் அடிக்கையில், நான்காம் வகுப்புப் பிள்ளை, ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்து மறு கையால் இரண்டாவது பித்தானைத் துளைக்குள் நுழைக்க மாட்டாமல் திணறிக்கொண்டிருந்தால், 'சோம்பேறி' என்ற பட்டம் அன்றைக்கும் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவிலே சால்ட் லேக் நகரத்தில் வாழ்ந்து 2009இல் மறைந்த கிம் பீக், ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனத்தில் பதித்து வைத்திருந்தவர். 1988இல் வெளிவந்த 'ரெயின் மேன்' திரைப்படத்துக்குத் தூண்டுதலாய் இருந்தவர். இந்தப் பாலமின்றிப் பிறந்து, சிறுமூளையிலும் பழுதுற்றிருந்த அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொள்ளக் கைவரவில்லை. அந்த ஞாபகசக்தி அபூர்வத்திலும் அபூர்வம்; அதை எதிர்பார்த்து எந்தத் தகப்பனாரும் ஏமாற வேண்டாம். பித்தான் கதையோ எல்லா வீட்டிலும் உண்டு. மற்றவற்றைத் தாயார் போட்டுவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் பிள்ளைக்கு விட்டுவைத்து, அது பழகியபின் கடைசி இரண்டையும் விட்டுவைப்பது நல்ல வழி. ஆனால் அதற்கு வேண்டிய பொறுமை காலை வேளையில் யாரிடம் இருக்கிறது!

பேச்சு விஷயத்தில் படும் துன்பம் இதனினும் பெரிது. சொல்லின் நேர்ப்பொருள் இவர்களுக்கு நன்றாய்த் தெரியும். குரலின் தொனியும் முகக்குறிப்பும் சேர்ந்து அப்பொருளைத் தலைகீழாக்குவதுதான் பிடிபடுவதில்லை. கோணல்மாணலான எழுத்தைக் கண்டு ஆசிரியர், "ஆகா, கண்ணாடி போட்டு மாட்டலாமே!" என்று பரிகசிக்கிறார், வகுப்பு சிரிக்கிறது, பையனோ வீட்டுக்கு வந்து ஆணி எங்கே என்று தேடுகிறான். ஐந்து வயதில் இதை மழலை என்று கொஞ்சுவோம். ஏனைய பிள்ளைகளுக்கு அந்தப் பாலம் முதிர்ந்து விரைவு பெறும் பத்துப் பன்னிரண்டு வயதில், தோழர்கள் குறிப்பாலும் கேலியாலுமே சம்பாஷிக்கத் தொடங்கும்போது, இவன் தனித்துவிடப்படுகிறான். 'நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தான்' என்று பெற்றோர் திகைப்பதும், 'திமிர்' என்று பள்ளிக்கூடம் தீர்ப்பளிப்பதும் அப்போதுதான். விழுந்து முழங்கால் சிராய்ந்தும் அழாவிட்டால் 'அழுத்தக்காரன்' என்பார்கள்; இவர்களில் பலருக்கு வலியே அவ்வளவாக உறைப்பதில்லை என்பதை யார் அறிவார்?

ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கொரு விண்ணப்பம்: இப்பிள்ளைகளுக்கு மூன்று ஏவல்களை ஒரே மூச்சில் இடாமல், ஒன்று முடிந்தபின் மற்றொன்றைச் சொல்லுங்கள். இவர்களில் ஒருவனைப் பரிகசித்தே தீரவேண்டுமென்று தோன்றினால், பரிகசித்த கையோடு, "இதை விளையாட்டுக்குச் சொன்னேன், அப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.