சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

(பெற்றோர் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, சகோதரர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே!

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. அந்த ஊசி போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். யார் சொன்னது, எந்த ஊர்க்காரர், ஒன்றும் தெரியாது. "பாய், போடலாங்களா?" என்று நம் அலுவலகத்துக்கு வந்து கேட்டார்கள். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். விசாரித்துச் சொல்கிறோம் என்றாவது சொல்லியிருக்கலாம். நம் பேச்சைக் கேட்டுச் சிலர் ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை.

பிறகுதான் ஒரு குழந்தை மருத்துவரிடம் போய் உட்கார்ந்து கேட்டோம். கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கும். கருவே கலையவும் கூடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி என்றார். வதந்தி சொன்னதற்கு நேர் எதிர்! இந்தப் பயத்தால் பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை நீண்டது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. ஓதத் தெரிந்த நாமே அதை மறந்து நின்றோம்.

அப்படியானால் டாக்டர் எழுதியதை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட வேண்டுமா? 2025-இல் நடந்ததையும் பாருங்கள். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, காய்ச்சல் என்று போன சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு கோல்ட்ரிஃப் என்ற சிரப் எழுதிக் கொடுத்தார்கள். கிட்னி செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத நச்சு அது.

அந்த நச்சை எந்தத் தாயும் கண்ணால் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்று இருந்தது. அந்த சிரப்பில் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்திருந்தன. இந்தக் கலவையை 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டிருந்தார். 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம், 5 வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் சொன்னது. பிள்ளைகளின் சளி, இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். "டாக்டர், இவனுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. இந்த சிரப் கட்டாயம் வேணுங்களா?" என்று ஒரு வாய் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் படட்டும், பிள்ளை நம்முடையது.

செக்கிங்கில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வாஷ்கேர் லேபிள் ஒன்று மாறினாலும் பீஸைத் தூக்கித் தனியே வைக்கிறீர்கள். அந்தக் கண்ணோடு வீட்டில் இருக்கும் பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, உள்ளே என்னென்ன மருந்து, 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறைய வீடுகளில் தப்பு நடக்கிறது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமிலும் வருகிறது, 250-இலும் வருகிறது. டாக்டர் 125-ஐ நினைத்து 5 மில்லி எழுதியிருப்பார். வீட்டில் மூத்தவனுக்கு வாங்கிய 250 பாட்டில் இருக்கும். அதே 5 மில்லி கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். பிள்ளையின் எடையைப் பார்த்துத்தான் அளவு எழுதுகிறார்கள் என்பதால், மூத்தவனின் சீட்டை வைத்து இளையவனுக்கு வாங்கவே வாங்காதீர்கள். சமையல் ஸ்பூனும் வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றிக் கொடுங்கள்.

லேபிள் இங்கிலீஷில் இருக்கிறதே என்பீர்கள். நியாயம்தான், எழுத்தும் எறும்பு சைஸ். காலேஜ் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்டர்நெட்டில் தேடுவதையும் நாம் தடுக்கவில்லை. தேடுங்கள், சந்தேகத்தைத் தாளில் எழுதி டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஆனால் அங்கே பார்த்ததை வைத்து நீங்களாகவே மருந்தை நிறுத்துவதோ ஊசியைத் தள்ளிப்போடுவதோ கூடாது. 2017-இல் நாம் செய்த தவறு அதுதான்.

மருந்து குடித்த பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், சோர்ந்து விழுந்தால் யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. சாதாரண சந்தேகத்துக்கு 104-க்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம்.

இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்தில் மருந்தாளுநர் ஒருவர் உட்காருவார். வீட்டில் இருக்கும் பாதி பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பக்கத்து வீட்டு வடநாட்டுக் குடும்பங்களையும் கூட்டி வாருங்கள், ஹிந்தி தெரிந்த பையன் ஒருவனையும் வரச் சொல்லியிருக்கிறோம்.